கிளட்ச் இல்லாத வண்டி

பக்கவாதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் கோணிக்கொள்ளும், கை இழுத்துக்கொள்ளும், பேச்சு குழறும். எங்கள் சர்ச்சிலேயே அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படியெல்லாம் எதுவும் இல்லை. கிளட்ச் விழவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் டாக்டரைக் கூப்பிடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. கரையான்சாவடியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி கிளம்பும்போதே முன்சீட்டில் ஏறி என் இடப்பக்கம் உட்கார்ந்துவிடுவாள். அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்துச் சுருக்கி வைத்திருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது கியர் கர்ரென்று கத்தியது. கிளட்சை மிதித்துத்தான் போட்டேன், ஆனாலும் கத்தியது. இரண்டாம் முறையும் அப்படியே, வண்டி குலுங்கி அணைந்துவிட்டது.

“ஏங்க, உங்க காலு பெடல் மேலயே இல்லீங்க. சைடுல கீது” என்றாள் ஸ்டெல்லா.

“வாய மூடிகினு உக்காரு. கிளட்ச் வயர் பூடுச்சு.”

ஸ்டாஃப் எல்லோரும் இறங்கி வண்டியை ஓரம் தள்ளிவிட்டு பஸ் பிடித்துப் போனார்கள். நான் பாஷாவுக்கு போன் செய்தேன். எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் அவன்தான். வேறொரு வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்ததால் மதியத்துக்கு மேல்தான் வரமுடியும் என்றான். ஸ்டெல்லா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். கம்பெனி வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு எந்த டிரைவர் போவான்? டீ வாங்கிக் கொடுத்தாள், சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டேன். துடைக்க வந்தவளைத் திட்டினேன். வெயிலில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாஷா வந்து என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு கிளட்சைக் கையாலேயே அமுக்கிப் பார்த்தான்.

“அண்ணாத்தே, கிளட்ச் சும்மா வெண்ணெயாட்டம் கீது. வண்டில ஒண்ணுமே இல்ல.” சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்த்தான். “அண்ணாத்தே, அந்த லெஃப்ட் கைய கொஞ்சம் தூக்கு.”

தூக்கினேன். தூக்கியதாகத்தான் இன்றுவரை எனக்கு ஞாபகம். ஆனால் ஸ்டெல்லா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இது எப்போது ஆரம்பித்தது என்பதுதான். ஸ்டெல்லா சொன்னதும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கேனுக்குப் பிறகுதான் விளக்கிச் சொன்னார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கிறது. ரத்தம் போகாத இடம் செத்துப்போகும். அந்தக் கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும் ஆபத்து அதிகம். நாங்கள் தாண்டித்தான் வந்திருந்தோம். இதைப் படிக்கிறவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெடலிலிருந்து கால் வழுக்கினால் பெடலைச் சந்தேகப்படாதீர்கள்.

அடைப்பு மூளையின் வலப்பக்கத்தில். உடம்பின் இடப்பக்கத்தை நடத்துவது வலப்பக்க மூளை என்பதால் எனக்குப் போனது இடது காலும் இடது கையும். முழுவதும் போகவில்லை. கை மடியில் துவண்டு கிடந்தது, கால் தரையில் இழுத்தது. பேச்சு நன்றாகவே இருந்தது. அதிகமாகவே இருந்தது என்று வார்டு நர்ஸ் சொல்வார்.

முதல் வாரம் கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகள் வந்து இருந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு ஸ்டெல்லாதான். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில், மருந்துக்கடை வரிசையில், பில் கட்டுகிற ஜன்னலில் என்று அவள் நாட்கள் போயின. கம்பெனி இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்கியது. மீதியை ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு பார்த்துக்கொண்டான். எவ்வளவு என்று இதுவரை அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை, அவன் அக்காளும் சொல்லவில்லை.

ஜெரால்டு ஆவடியில் டிஃபன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான், குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான். கார் வாங்கப் பதிவு செய்து வைத்திருந்தான். எனக்கு இப்படி ஆனதும் நேராக ஷோரூமுக்குப் போய் அதை மாற்றிவிட்டு வந்து நின்றான்.

“மாமா, ஆட்டோமேட்டிக்கா மாத்திட்டேன். ரெண்டே பெடல். லெஃப்ட் காலுக்கு வேலையே கெடையாது. நீ எழுந்து வா, மொத ஓட்டு நீதான் ஓட்டுற.”

அவனிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன், ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவனை டிரைவர் என்றே சொல்லமாட்டேன் என்று. கிளட்சைப் பாதி விட்டு, பாலத்து ஏற்றத்தில் ஒரு அங்குலம் பின்னால் போகாமல் வண்டியை நிறுத்திக் காட்டுகிறவன்தான் டிரைவர், மற்றதெல்லாம் கண்காட்சியில் பிள்ளைகள் ஓட்டுகிற பொம்மைக் கார் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அவன் அதையெல்லாம் சொல்லிக் காட்டவில்லை. நான் பெட்ஷீட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்த வார்டு முழுக்க இதே பேச்சுதான். பக்கத்துப் படுக்கைக்காரர், அவர் மருமகள், தரை துடைக்க வருகிற அம்மா எல்லோரும், “இடது காலுதானே, ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா முடிஞ்சுது” என்றார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எனக்கு வேறு வேலை தெரியாது. படுக்கையில் கால்மாட்டுக் கம்பியில் வலது காலை வைத்து, இது பிரேக், இது ஆக்சிலேட்டர் என்று பழகினேன். மருத்துவமனை முழுக்க நடுராத்திரியிலும் ஏதாவது ஒரு மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். தூக்கம் வராதபோது நான் மனசுக்குள் கியரை டிரைவில் போட்டுத் திருமழிசை வரை போய்த் திரும்பி வருவேன்.

இதற்கு நடுவே விநோதமாகச் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. எனக்கு மட்டும் அவை விநோதமாகத் தெரியவில்லை.

அம்பத்தூரிலிருந்து என் அக்கா பிலோமினா என்னைப் பார்க்க வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினாளாம், அழுதாளாம், நெற்றியில் சிலுவை போட்டாளாம். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேனாம். வெளியே போய் ஸ்டெல்லாவிடம், “ஊட்டுப் பங்கு விசயத்த இன்னும் மனசுல வெச்சிகினு கீறான்டி” என்று மூக்கைச் சிந்தியிருக்கிறாள். ஸ்டெல்லா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலின் மறுபக்கம், வலப்பக்கம், நிறுத்தினாள்.

“அட, அக்கா! எப்ப வந்த?” என்றேன்.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இட்லி வைத்தால் சட்னி வைக்கவில்லை என்று சண்டை போடுவேன். ஸ்டெல்லா தட்டை அரை வட்டம் திருப்புவாள், சட்னி வந்துவிடும். சவரம் செய்துகொண்டு கண்ணாடியில் பார்த்து, பளிச்சென்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் படுப்பார். பாதி முகத்தில் தாடி அப்படியே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா ஒரு நாள் வெள்ளைத்தாளில் பெரிய வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரத்தில் இருக்கிற மாதிரி எண்களை எழுதச் சொன்னார். என்னை என்ன எல்.கே.ஜி. பிள்ளை என்று நினைத்தாரா என்று கோபம். பன்னிரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அத்தனையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றதாம். எனக்கு அது நல்ல கடிகாரமாகத்தான் தெரிந்தது.

“உங்க கண்ணு நல்லா இருக்கு, தாஸ். இடப்பக்கம் இருக்கிறதும் கண்ணுக்குள்ள வருது. ஆனா மூளை அதை எடுத்துக்க மாட்டேங்குது” என்றார். “அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லைங்கிறதும் உங்களுக்குத் தெரியாது. நிறைய பேருக்கு மெதுவா திரும்பி வரும். சிலருக்கு முழுசா வராது.”

“வண்டி ஓட்டலாமா மேடம்? ஆட்டோமேட்டிக்தான்.”

“இப்போ எதையும் ஓட்டக்கூடாது. நான் சொல்ற வரைக்கும்.”

டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். எதிரே இருப்பது முழுசாகத் தெரிகிறது, எங்கேயும் இருட்டோ ஓட்டையோ இல்லை. அப்புறம் எதை நம்புவது? அவர் சொன்னதை ஸ்டெல்லாவும் ஜெரால்டும்கூடச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. கால் சரியாகும்போது அதுவும் கூடவே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிசியோதெரபி கொடுத்தது முத்துலட்சுமி என்ற திருநெல்வேலிப் பெண். வந்தாலே என் இடப்பக்கம்தான் நிற்கும். அங்கிருந்தே பேசும். குரல் எங்கிருந்தோ வருகிறது என்று நான் வலப்பக்கமாகவே தேடுவேன். “இங்கன அண்ணாச்சி, தலையத் திருப்புங்க. உங்க தோள்பட்டை தெரியிற வரைக்கும் திருப்புங்க” என்று விடாமல் படுத்தும். நான் ஆட்டோமேட்டிக் கதையைச் சொன்னபோது அது சிரிக்கவில்லை.

“காலு வந்துரும் அண்ணாச்சி. இடப்பக்கம்லா வரணும்” என்றது.

வீட்டுக்கு வந்தோம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினேன். கம்பெனியிலிருந்து விசாரித்தபடி இருந்தார்கள், எப்போது வருவீர்கள் என்று. வேனுக்குத் தற்காலிகமாக ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். தாமதமானால் அவனையே வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா காலையில் அதே வேனில் பின்சீட்டில் போய் வந்தாள். நான் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு, கேலி எல்லாம் என்னைவிட்டுப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெரால்டு அந்தப் புதுக் காரோடு வந்து நின்றபோது, டாக்டர் சொன்னதை அவர்கள் நினைக்கவில்லை என்று சொல்லமுடியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை ஒதுக்கிவைத்தார்கள்.

“ரோட்ல வேணாம் மாமா. திருமழிசைக்கு உள்ள பிளாட் போட்ட எடம் சும்மா கீது. அங்க ஒரு ரவுண்டு அடி.”

வீடு எதுவும் கட்டாத மனைகள். நட்ட கல்லும் நேராகத் தார் போட்ட பாதையும்தான். பாதையின் ஒரு ஓரம் சீமைக்கருவேலம் வளர்ந்து சாய்ந்திருந்தது. டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வழக்கம்போல முன்னால், என் இடப்பக்கம் ஏறி, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஜெரால்டு எல்லாவற்றையும் விளக்கினான். இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னான், இல்லாவிட்டால் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்துவிடுவேனாம். பிறகு, ஓட்டுவதை வீடியோ எடுத்து என் மகளுக்கு அனுப்பவேண்டும் என்று இறங்கிப் பாதையின் கடைசிக்குப் போய் நின்றான்.

கியர் லீவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஸ்டெல்லா என் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து, அவள் கையால் பிடித்து டிரைவுக்குத் தள்ளினாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஒன்றும் செய்யாமலேயே வண்டி தானாக நகர்ந்தது. எத்தனையோ வருஷம் கிளட்சைக் கெஞ்சி, மிரட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வாங்கிய நகர்வை இது சும்மா கொடுத்தது. ஆக்சிலேட்டரைத் தொட்டேன். குலுக்கல் இல்லை, கியர் மாறுகிற சத்தம் இல்லை. பாதை முழுவதும் என்னுடையதாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். ஜெரால்டைத் திட்டினேன், பாஷாவைத் திட்டினேன், கிளட்சைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். நாளைக்கே கம்பெனிக்குப் போய்ப் பேசவேண்டும், ஆட்டோமேட்டிக் வேன் எடுக்கச் சொல்லவேண்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன்.

தூரத்தில் ஜெரால்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். சந்தோஷத்தில் ஆட்டுகிறான் என்று நானும் ஹாரன் அடித்தேன்.

அவன் ஓடி வந்தான். நிறுத்தினேன், சுத்தமாக, ஒரு குலுங்கல் இல்லாமல்.

“பாத்தியா ஸ்டெல்லா? ஒரு கீறல் உண்டா?”

ஜெரால்டு என் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “அக்கா, அக்கா” என்கிற அவன் குரல் கேட்டது. எதுவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது, எங்கே என்று புரியவில்லை. முத்துலட்சுமி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பினேன். போதும் என்று தோன்றிய இடத்துக்கு அப்பாலும் திருப்பினேன். என் தோள்பட்டை தெரிந்தது. அதற்கும் அப்பால் ஸ்டெல்லா இருந்தாள்.

முகத்தை மறைக்கக் கையைத் தூக்கி வைத்திருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முள் கிழித்து ரத்தம் கோடு கோடாக வழிந்தது. மடியெல்லாம் கருவேல இலை. அவள் பக்கத்து சைடு மிரர் பிய்ந்து போயிருந்தது. பாதை முழுக்க அந்த முள்ளுக்குள்ளேயே வண்டியை விட்டு உரசிக்கொண்டு வந்திருக்கிறேன். அவளை அதற்குள் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

“கத்தக் கூடாதா? சொல்லக் கூடாதா?” என்றேன்.

“சொன்னேங்க. ரைட்ல ஒடிச்சு திருப்புங்க, ரைட்ல ஒடிங்கன்னு சொல்லிகினேதான் வந்தேன்.” கையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். “நீங்க சிரிச்சிகினு இருந்தீங்க.”

அன்றுதான் நம்பினேன். ஸ்கேனும் கடிகாரமும் சொல்லி நம்பாததை அவள் கை சொல்லி நம்பினேன். அந்தப் பாதை ஓரம் உட்கார்ந்து நான் அழுத மாதிரி ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. என் கால் போனதற்கு அழவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் எனக்கு இல்லாமல் போயிருந்தாள், அது எனக்குத் தெரியவேயில்லை.

மறுநாளே கம்பெனிக்கு போன் செய்து அந்தப் பையனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஜெரால்டு காரைச் சரிசெய்துகொண்டான். அதற்கும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிசியோதெரபி இன்னும் நடக்கிறது. ஆட்டோவில் ஏறி இறங்க நான் படுகிற பாட்டைப் பார்த்து ஸ்டெல்லா ஜெரால்டின் காரில் ஓட்டப் பழகினாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். கிளட்ச் இல்லாததால் சீக்கிரம் வந்துவிட்டது. லைசென்ஸ் எடுத்துவிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் ஜெரால்டு ஃபேக்டரிக்கு பஸ்ஸில் போய்விட்டு வண்டியை எங்களிடம் விட்டுவிடுகிறான். இப்போது அவள் ஓட்டுகிறாள், நான் இடது சீட்டில் உட்காருகிறேன். அதனால் அவள் என் வலப்பக்கம் வந்துவிட்டாள். திருப்பித் தேடாமலே தெரிகிறாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். கையில் முள் கிழித்த தழும்பு வெளிறிவிட்டது.

கரையான்சாவடி தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் நிறுத்துவாள்.

“லெஃப்ட்ல இன்னா வருதுன்னு பாத்து சொல்லுங்க.”

பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவள் கவலைப்படமாட்டாள். நான் திருப்புவேன், தோள்பட்டை வரும்வரை, அதற்கும் அப்பால்வரை. சில நாள் அங்கே ஒன்றும் இருக்காது. சில நாள் ஒரு பஸ் பெரிதாக வந்துகொண்டிருக்கும்.

“பஸ் வருது. நில்லு” என்பேன்.

“நிக்கிறேன்” என்பாள். பஸ்ஸை அவள் முன்பே பார்த்திருப்பாள், அவள் கால் பிரேக்கில்தான் இருக்கும். இருந்தாலும் அடுத்த முறையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள்.